பார்வையில் ஓட்டை விழுந்தால் கருப்பாகத் தெரிய வேண்டாமா?

வாசகர் கேள்வி, தூத்துக்குடி. 09-06-2024, மாலை 6.12

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெடும் நோய்), இடது கண்ணில் பார்வை நிறையவே போய்விட்டது என்று டாக்டர் சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவோ, "எனக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியுது, பேப்பர் படிக்கிறேன், ஊசியில நூல் கோக்குறேன்" என்கிறார். கண் கேமரா மாதிரிதானே? கேமராவில் ஒரு பகுதி பழுதானால் படத்தில் அந்த இடம் கருப்பாக விழும். அம்மாவுக்கு எந்தக் கருப்பும் தெரியவில்லை. அப்படியானால் டாக்டர் சொன்னது தப்பா? மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

09-06-2024, இரவு 9.40

நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் சொட்டு விடுவது ஒரு நாளும் நிற்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

திண்டுக்கல்லில் 27 வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். கண் கேமரா இல்லை. கண்ணுக்குள் முன்பக்கம் இருக்கும் லென்ஸ் வரைக்கும்தான் அந்த ஒப்புமை. அதற்குப் பின்னால் நடப்பது வேறு கதை.

உங்கள் இரண்டு கண்ணிலும் பிறந்ததிலிருந்தே ஓட்டை இருக்கிறது. தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பி, இடது ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்துத் தாளை மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். ஒரு ஸ்கேல் தூரத்தில், அதாவது 30 செ.மீ. வாக்கில், பொட்டு காணாமல் போகும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் திரும்ப வரும்.

பொட்டு மறையும் இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கருப்பு இல்லை, வெள்ளைத் தாள்தான். அடுத்து, பொட்டின் இரண்டு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரே நேராகக் கோடு இழுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பொட்டு போய்விடும். கோடு மட்டும் அறுபடாமல் ஓடும்.

அந்த இடத்தில்தான் பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியே போகிறது. அங்கே ஒளியை வாங்கும் உயிரணு ஒன்றுகூட இல்லை. பிரான்சில் எட்மே மாரியோட் என்பவர் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை யாருக்கும் தெரியாது. எத்தனை ஆயிரம் வருடமாக மனிதர்கள் இந்த ஓட்டையோடு வானத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஓட்டையும் சின்னது இல்லை. பௌர்ணமி நிலவைப் பத்துத் தடவை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் அதற்குள் அடங்கிவிடும். கை நீட்டிய தூரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் மறைந்துபோகும்.

ஆக, ஓட்டை என்றால் கருப்பு என்ற கணக்கு முதலிலேயே தப்பு.

10-06-2024, காலை 7.05

விட்டுப்போனது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இது தெரியாது. வலது கண்ணின் ஓட்டை வலப்பக்கம், இடது கண்ணின் ஓட்டை இடப்பக்கம். ஒன்றில் விழுவதை மற்றது பார்த்துவிடும். உங்கள் அம்மா விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் மூடி மறைக்கிறது. அவரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம். காரணத்தை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதை அது.

12-06-2024, இரவு 10.20

அப்பா சின்னாளப்பட்டியில் தறி நெய்தவர். வயதான பிறகும் கண்ணாடி போட்டுக்கொண்டு, அறுந்த இழையை விரலால் தேடி எடுத்து முடி போட்டுவிடுவார். "கண்ணுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு" என்பார்.

2016 வாக்கில் எங்கள் பழைய வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பின்கட்டுக்குப் போகிற அந்த நிலை உயரம் குறைச்சல். ஐம்பது வருடமாகக் குனிந்து போன நிலை அது. முதலில் மாதம் ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. நெற்றியின் இடது பக்கம் எப்போதும் ஒரு வீக்கம். நான் அவரைத் திட்டினேன். "எங்கயோ யோசனை, கவனம் கிடையாது" என்றேன். நடுவில் இரண்டு தடவை கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார். பவரை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். பார்வை பிரமாதம் என்று எல்லாரும் நம்பினோம்.

2019-இல் தெருவில் நடந்த கண் முகாமில், உட்கார்ந்திருந்த டாக்டர் அம்மா பார்வை நரம்பைப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இரண்டு கண்ணிலும் மேல்பாதிப் பார்வையில் பெரிய பகுதி போயிருந்தது.

குளுக்கோமா நடுப் பார்வையை முதலில் தொடுவதில்லை. நடுவுக்குச் சற்றுத் தள்ளி வில் மாதிரி வளைந்து தின்றுகொண்டு போகும். எழுத்துப் பலகை, பேப்பர், ஊசி, இழை எல்லாம் நடுப் பார்வையின் வேலை. அவற்றை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நிலைக்கட்டை மேலே இருக்கிறது, அதனால் அது மாட்டிக்கொண்டது.

அப்பாவிடம் கேட்டேன்: "மேல கருப்பா தெரிஞ்சுச்சாப்பா?" அவர் சொன்னது: "கருப்பெல்லாம் இல்லடா. சுவரு இருந்துச்சு, வெளிச்சம் இருந்துச்சு. நிலைக்கட்டை மட்டும் அங்க இல்ல. இடிச்ச பிறகு வரும்."

'இடித்த பிறகு வரும்.' ஐந்து வருடமாகியும் இந்த வார்த்தை என்னை விடவில்லை.

12-06-2024, இரவு 11.50

மேலே எழுதியதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 2016 இல்லையாம். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தியே துணி காயிற கொடியில போய் முட்டுவாரு. நான்தான் கயிறை ஏத்திக் கட்டச் சொன்னேன்." தங்கை கல்யாணம் 2014. அதாவது ஐந்து வருடம் கண் எதிரே நடந்ததை நாங்கள் யாரும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை. தூக்கம் வரவில்லை.

15-06-2024, காலை 11.30

"கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணை நான் எவ்வளவு நேரமும் பார்க்கிறேனே, ஓட்டை எதுவும் தெரியவில்லையே" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். நல்ல இடத்துக்கு வந்தீர்கள்.

அதே கண்ணாடி முன்னால் நின்று, உங்கள் இடது கண்மணியைப் பாருங்கள், அடுத்து வலதை, மறுபடி இடதை. கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். இதையே போனின் முன்பக்க கேமராவில் செய்யுங்கள், உங்கள் கண் துள்ளுவது உங்களுக்கே தெரியும். போன் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுகிறது, அதற்குள் கண் போய் நின்றுவிடுகிறது.

கண் ஒரு வினாடிக்கு மூன்று நான்கு தடவை இப்படித் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் விழித்திரையில் விழுவது வெறும் கலங்கல். கையில் கேமராவை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினால் வருமே, அந்தப் படம். மூளை அந்த நேரத்துப் பார்வையை அடக்கிவிடுகிறது. நாள் முழுக்கக் கூட்டினால் கணிசமான நேரம் நாம் ஒன்றும் பார்க்காமல் இருக்கிறோம், ஒரு இடைவெளிகூட உணர்வதில்லை. சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால் வினாடி முள் முதல் தட்டில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிற மாதிரி இருக்கும். கண் துள்ளிய நேரத்தையும் அந்த முதல் காட்சியோடு சேர்த்துக் கணக்கு எழுதிவிடுகிறது மூளை.

துள்ளுவது ஏன் என்றால், கூர்மையாகப் பார்ப்பது நட்டநடுவில் ஒரு சின்ன இடம் மட்டும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். இந்த வரியில் ஒரு சொல்லிலேயே கண்ணை நிறுத்திக்கொண்டு, இரண்டு சொல் தள்ளி இருப்பதைப் படிக்கப் பாருங்கள். படிக்க வராது. ஆனால் பக்கம் முழுவதும் தெளிவாக இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? எங்கே தெளிவு வேண்டுமோ அங்கே கண் போய்விடுகிறது. போகும் இடமெல்லாம் தெளிவு, அதனால் எல்லா இடமும் தெளிவு என்று நம்புகிறோம்.

அப்பா விஷயத்தோடு இது எனக்குச் சேர்ந்துவிட்டது. அவர் அண்ணாந்து பார்த்தால் நிலைக்கட்டை தெரியும். பார்க்கும் இடத்தில் எல்லாம் இருக்கிறது, அப்புறம் எப்படிச் சந்தேகம் வரும்?

19-06-2024, மாலை 5.15

கண்ணில் மொத்தம் எத்தனை ஒளியணு என்று கேட்டவருக்கு, மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் கோல் அணுக்கள் 12 கோடி, நிறம் பார்க்கும் கூம்பணுக்கள் 60 லட்சம் என்று பதில் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பழைய கணக்கு அது. 1990-இல் கிறிஸ்டீன் கர்சியோவும் கூட இருந்தவர்களும் மனித விழித்திரையை எடுத்து வைத்து எண்ணியிருக்கிறார்கள். சராசரியாகக் கோல் 9 கோடிச் சொச்சம், கூம்பு 46 லட்சம். திருத்திக்கொள்ளுங்கள்.

இத்தனை கோடிக்கும் சேர்த்து வெளியே போகும் நரம்பிழைகள் ஒரு கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம்தான். வாங்கியதை அப்படியே அனுப்ப வழியில்லை. எங்கே வெளிச்சம் மாறுகிறது, எங்கே ஓரம், எங்கே அசைவு என்று விழித்திரையே பொறுக்கி எடுத்து அனுப்புகிறது. குளுக்கோமாவில் சாவது இந்த இழைகள்தான். செத்த இழை திரும்ப முளைக்காது.

தூத்துக்குடிக்காரர் என்பதால் ஒரு செய்தி. கணவாய்க்கு இந்த ஓட்டை கிடையாது. நமக்கு நரம்பிழைகள் விழித்திரையின் முன்பக்கம் ஓடிவந்து, ஒரு இடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன. கணவாய்க்கு இழைகள் பின்பக்கமே கிளம்புவதால் துளைக்கத் தேவையில்லை. கறிக்கு வாங்கும்போது அந்தக் கண்ணைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

23-06-2024, இரவு 9.00

ஸ்டுடியோக் காலம் ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன்.

பிலிம் இருந்த நாளில், பிளாஷ் இல்லாமல் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த கல்யாணப் படம் கழுவி வந்தால் மாப்பிள்ளை வேட்டி பச்சை பாய்ந்திருக்கும். குண்டு பல்பு என்றால் ஆரஞ்சு. வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்: "வேட்டி வெள்ளையாத்தான இருந்துச்சு?" இருந்தது, உண்மை. டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சை தூக்கலாக இருக்கும். பிலிம் அதை அப்படியே எழுதியது. கல்யாண வீட்டில் இருந்த முந்நூறு பேர் கண்ணும் அதைக் கழித்துவிட்டு வேட்டியை வெள்ளை என்று பார்த்தது. லென்ஸுக்கு முன்னால் இளஞ்சிவப்பு பில்டர் போட்டு நான் கையால் செய்த திருத்தத்தைக் கண் கேட்காமலே செய்கிறது.

2015 பிப்ரவரியில் ஒரு உடுப்புப் படம் உலகமெல்லாம் சுற்றியதே, நீலமும் கருப்பும் என்று ஒரு கூட்டம், வெள்ளையும் தங்கமும் என்று ஒரு கூட்டம். அதிலும் இந்தக் கழித்தல்தான் வேலை செய்தது. மஞ்சள் விளக்கு வெளிச்சம் என்று மூளை வைத்துக்கொண்டால் நீலம் தெரியும், நிழலில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் வெள்ளை தெரியும். அசல் உடுப்பு நீலமும் கருப்பும்தான். எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது, என் மனைவிக்கு நீலம். ஒரே போனை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். இருவர் கண்ணிலும் எந்தக் கோளாறும் இல்லை.

மூளை நம்மைக் கேட்டுக்கொண்டு திருத்துவதில்லை. திருத்தியதாகச் சொல்வதும் இல்லை.

30-06-2024, பிற்பகல் 3.40

முதல் நாள் எழுதியதில் எனக்கே ஒரு சந்தேகம். கோடு அறுபடாமல் ஓடும் என்றேன். அந்தக் கோட்டை மூளை வரைகிறதா, அல்லது அங்கே ஒன்றும் இல்லை என்பதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறதா? இரண்டும் ஒன்றல்ல. உங்கள் முதுகுக்குப் பின்னால் கருப்பாகவா இருக்கிறது? அங்கிருந்து தகவலே வருவதில்லை, வராததற்கு நிறம் கிடையாது. டேனியல் டென்னெட் என்ற தத்துவ அறிஞர் இந்தப் பக்கம் நின்று வாதாடினார்: கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் பதில் எழுதிவைக்க வேண்டியதில்லை.

மறுபக்கம் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன். அவரும் ரிச்சர்ட் கிரிகோரி என்ற உளவியல் அறிஞரும் 1991-இல் வெளியிட்ட சோதனை இது. டிவியில் சேனல் இல்லாதபோது வருமே பொறிப்பொறியாக, அந்த மாதிரித் திரையில் ஓரமாக ஒரு சாம்பல் நிறச் சதுரம். நடுவில் கண்ணை அசைக்காமல் வைத்தால் சில வினாடியில் சதுரம் கரைந்து, அங்கேயும் பொறி பறக்கும். இதுவரை யார் பக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் திரை முழுவதையும் சட்டென்று சாம்பலாக மாற்றிவிட்டால், சதுரம் இருந்த இடத்தில் மட்டும் சில வினாடி பொறி பறந்துகொண்டே இருக்கிறது! அங்கே எப்போதும் பொறி காட்டப்படவே இல்லை. அப்படியானால் உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து அதை உண்டாக்கியிருக்கிறது.

ஒரு வாரம் யோசித்ததில் எனக்குப் படுவது, இரண்டும் நடக்கிறது. சுவர், தாள், கோடு மாதிரி பக்கத்தில் இருப்பதின் தொடர்ச்சியை மூளை இழுத்துப் போடுகிறது. பொட்டு, நிலைக்கட்டை மாதிரி தனியாக இருக்கும் பொருளை அதனால் உண்டாக்க முடியாது, விட்டுவிடுகிறது. அப்பா சொன்ன வாக்கியத்தில் இரண்டுமே இருக்கின்றன: சுவர் இருந்தது, நிலைக்கட்டை இல்லை.

07-07-2024, காலை 10.10

"உங்கள் அப்பா ஒருத்தர் சொன்னதை வைத்து எல்லாருக்கும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

லண்டனில் டேவிட் கிராப் குழுவினர் 2013-இல் வெளியிட்டது: குளுக்கோமா உள்ள 50 பேரிடம் ஒரே தெருக் காட்சியைப் பலவிதமாக மாற்றிய படங்களைக் காட்டி, உங்களுக்கு எது மாதிரி தெரிகிறது என்று கேட்டார்கள். சுற்றிலும் கருப்பாக, குழாய் வழியே பார்ப்பது போன்ற படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கருந்திட்டு உள்ள படத்தையும் யாரும் எடுக்கவில்லை. பாதிப் பேருக்குச் சற்று மேல் சில இடங்கள் மங்கல் என்றார்கள், சிலர் சில பொருள்கள் இல்லை என்றார்கள். கால்வாசிப் பேருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் இன்னமும் அந்தக் கருப்புக் குழாய்ப் படம்தான். எனக்கு இது உண்மையாகவே கோபம். அதைப் பார்க்கிறவர் 'எனக்கு இப்படி இல்லை' என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை கண்டுபிடிக்கப்படாதவர்கள்.

14-07-2024, இரவு 8.30

பீல்ட் டெஸ்ட் பற்றி, அதாவது பார்வையில் எந்தெந்த இடம் தெரிகிறது என்று பார்க்கும் சோதனை. தூத்துக்குடி அம்மாவுக்கும் இதை எடுத்திருப்பார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு என்பதால் நானும் தங்கையும் வருடா வருடம் எடுக்கிறோம்.

ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்த மாதிரி உட்கார வேண்டும். மோவாய்க்கு ஒரு தாங்கி. நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டு, எங்காவது புள்ளி வெளிச்சம் வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் தடவை எடுத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. பாதி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். மிஷின் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, நம்மால் பார்க்க முடியாத அளவுக்குக் கொண்டுபோய்த்தான் எல்லையைக் கண்டுபிடிக்கிறதாம். நல்ல கண்ணுக்கும் நிறையப் புள்ளிகள் தெரியாது. இதை முன்கூட்டியே சொன்னால் வயதானவர்கள் பதற மாட்டார்கள்.

என்னை மலைக்க வைத்தது வேறு. நாம் நடு விளக்கைப் பார்க்கிறோமா, கண்ணை அலையவிடுகிறோமா என்று மிஷினுக்குத் தெரிய வேண்டுமே? சரியாக மாரியோட் சொன்ன அந்த ஓட்டைக்குள் அவ்வப்போது ஒரு வெளிச்சத்தைப் போடுகிறது. கண் நேராக இருந்தால் அது தெரியக் கூடாது. அமுக்கினால் கண் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். நமக்கு இருப்பதே தெரியாத ஓட்டையை வைத்து நம்மைச் சரிபார்க்கிறது.

02-08-2024, மாலை 6.45

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அம்மா காலண்டர் தாளில் பொட்டு ஒட்டிப் பார்த்தாராம். பொட்டு மறைந்ததும் தாளைக் கீழே போட்டுவிட்டு, திரும்ப எடுத்து நாலைந்து தடவை செய்து பார்த்திருக்கிறார். அப்புறம் மகளிடம், "அப்ப எனக்குத் தெரியாமலே போயிருக்குமா?" என்று கேட்டாராம். இரவுச் சொட்டு இப்போது அவரே அலாரம் வைத்து விட்டுக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். சொட்டு விட்டால் பார்வை அதிகமாகிவிடாது. போனது வராது, இருப்பது போகாமல் கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கத்தான் மருந்து. 'ஆறு மாதமாக விடுகிறேன், ஒரு முன்னேற்றமும் இல்லை' என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். எங்கள் அப்பாவே 2020-இல் இரண்டு மாதம் நிறுத்தினார். எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

18-08-2024, காலை 8.00

"அப்பா இப்போது எப்படி இருக்கிறார், இன்னும் இடித்துக்கொள்கிறாரா" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தறியை விட்டாயிற்று. பேப்பர் படிக்கிறார். நிலைக்கட்டையில் சிவப்பு டேப் ஒட்டிப் பார்த்தேன், பயன் இல்லை. தெரியாத இடத்தில் எந்த நிறத்தை ஒட்டி என்ன? அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அப்பா கடைசியாக நெய்த சேலைகளில் ஒன்று நைந்துபோயிருந்தது. அதன் கரையைக் கிழித்து, நிலைக்கு ஒரு முழம் முன்னால் உத்தரத்திலிருந்து பட்டை பட்டையாகத் தொங்கவிட்டிருக்கிறார், நெற்றி உயரத்துக்கு. துணி நெற்றியில் பட்டதும் அப்பா குனிந்துவிடுகிறார். போன தீபாவளியிலிருந்து ஒரு இடிகூட இல்லை.

வீட்டுக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் ஆடும் அந்தப் பட்டைகளைக் குதித்துக் குதித்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். சத்தம் கேட்டு அப்பா முகத்தை முழுக்க மேலே தூக்கிப் பார்ப்பார். அப்போது அவருக்கும் அது தெரிகிறது.